பொறைக்கு வேர் எது?

திருக்குறளைப் பொன்மொழித் தொகுப்பாகப் படிக்கும் பழக்கம் நம்மிடையே நன்றாக வேரூன்றிவிட்டது. பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு குறள். நாட்காட்டித் தாளில் ஒரு குறள். திருமண அழைப்பிதழில் ஒன்று. நினைவு நாள் அட்டையில் மற்றொன்று. கோவில் பீடத்திலிருந்து நாங்கள் ஆற்றும் மறையுரைகளிலும் இதே நிலைதான். அன்பைப் பற்றிப் பேச ஒரு குறளையும் மன்னிப்பைப் பற்றிப் பேச வேறொரு குறளையும் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு இணையாக ஓர் இறைவாக்கைச் சேர்த்து வைத்து, இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று கூறி மனநிறைவோடு அமர்ந்துவிடுகிறோம். இதனால் பெரிய தீங்கு ஒன்றும் விளைவதில்லை. ஆயினும், பூவைப் பறித்து மாலை கட்டுகிறவருக்குச் செடி கண்ணில் படுவதில்லை. குறளுக்குச் செடி அதன் அதிகார அமைப்பு. பத்துக் குறள்கள் சேர்ந்து ஒரு சிந்தனையை வளர்த்துச் செல்கின்றன. ஓர் அதிகாரம் அடுத்த அதிகாரத்துக்கு வழிவிடுகிறது. 1330 குறள்களையும் தனித்தனி மணிகளாக எண்ணிப் படிக்கும்போது இந்த வளர்ச்சி நம் கைக்கு அகப்படுவதில்லை.

அன்பு, நன்றி, மன்னிப்பு ஆகிய மூன்றையும் பற்றிக் குறள் கூறுவனவற்றை அவை நிற்கும் இடத்திலேயே வைத்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் முயற்சி. எட்டாவது அதிகாரம் அன்புடைமை, பதினொன்றாவது செய்ந்நன்றியறிதல், பதினாறாவது பொறையுடைமை. மூன்றும் இல்லறவியலைச் சேர்ந்தவை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். தீங்கு செய்தவர் நாணும்படி அவருக்கு நன்மையைச் செய்துவிடு என்று கூறும் புகழ்பெற்ற குறள் 'இன்னாசெய்யாமை'யில், அதாவது துறவறவியலில் இருக்கிறது. மன்னிப்பு என்றதும் நாம் எல்லாரும் அந்தக் குறளுக்கே ஓடுகிறோம். ஆனால் மனைவி, மக்கள், விருந்தினர், அண்டை வீட்டார், பங்காளி என்று மனிதர்கள் நெருக்கியடித்து வாழும் வீட்டுக்குள் நிகழவேண்டிய மன்னிப்பை வள்ளுவர் அதற்கு முன்பே தனியாகப் பேசிவிட்டார். அதுமட்டுமன்று. பொறையுடைமையின் இறுதி இரண்டு குறள்களில், பிறர் வாயிலிருந்து வரும் கடுஞ்சொல்லைத் தாங்கும் இல்லறத்தானைத் துறவியரோடும் நோன்பிருப்போரோடும் ஒப்பிடுகிறார். முதல் குறளுக்குத் துறந்தாரைப் போலத் தூய்மையுடையவர் என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். துறந்தாரைவிட என்று கொள்வதற்கும் இலக்கணம் இடம் தருகிறது. அடுத்த குறளிலோ ஐயத்துக்கே இடமில்லை: உண்ணாமல் நோன்பிருக்கும் பெரியவர்களும் இவர்களுக்கு அடுத்த நிலையில்தான் இருக்கிறார்கள். திருமணம் செய்யாமல் வாழும் எங்களைப் போன்றோர் தவக்காலம் தோறும் இந்தக் குறளை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

இனி, சொல்லுக்கு வருவோம். 'மன்னிப்பு' என்னும் சொல் குறளில் இல்லை. 'பொறை'தான் இருக்கிறது. பொறை என்றால் சுமை. பொறுத்தல் என்றால் சுமத்தல். தலைமேல் ஏற்றிய பாரத்தைக் கீழே போடாமல் நடப்பவன் செய்வதே பொறுத்தல். இது நமக்கு அந்நியமான சொல் அன்று. கர்த்தர் கற்பித்த செபத்தை நாம் சொல்லும்போது இன்றும் 'பொறு' என்னும் வினையைத்தான் பயன்படுத்துகிறோம்; 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அதே செபம் 'மன்னி' என்னும் வினையைக் கொண்டிருக்கிறது. எது சிறந்தது என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் 'பொறு' என்பதற்குள் ஒரு செய்தி இருக்கிறது. எபிரேய மொழியில் மன்னித்தலைக் குறிக்கும் வினைகளுள் ஒன்று 'நாசா'. அதன் நேர்ப்பொருள் தூக்குதல், சுமத்தல். தந்தை யாக்கோபு இறந்த பிறகு, தங்களைப் பழிவாங்கிவிடுவானோ என்று அஞ்சிய சகோதரர்கள் யோசேப்பிடம் மன்னிப்புக் கேட்டு ஆளனுப்பினார்கள் அல்லவா? தொடக்கநூல் 50ஆம் அதிகாரத்தில் வரும் அந்த வேண்டுகோளில் உள்ள சொல் இதுதான். எங்கள் குற்றத்தை நீ சுமந்துகொள் என்பதே அவர்கள் உண்மையில் கேட்டது. அதைக் கேட்டு யோசேப்பு அழுதார். அவர் ஏன் அழுதார் என்று விரிவுரையாளர்கள் பலவாறு எழுதுவார்கள். பல ஆண்டுகளாக அவர் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார் என்பது என் எண்ணம்.

மன்னிப்பைச் சுமையாகக் காணும் மொழிக்கு ஒரு நேர்மை உண்டு. மன்னித்துவிட்டால் மனம் இலேசாகிவிடும் என்று ஆறுதல் நூல்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. வள்ளுவர் அப்படித் தொடங்கவில்லை. தன்னைத் தோண்டுகிறவர்களை நிலம் தாங்குவதுபோலத் தாங்கு என்றுதான் அவர் அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார். தோண்டுவது நின்ற பிறகு தாங்குவதைப் பற்றியல்ல, தோண்டிக்கொண்டிருக்கும்போதே தாங்குவதைப் பற்றிய உவமை அது. அடுத்த குறளிலேயே ஒரு படி மேலே செல்கிறார்: பொறுத்துக்கொள்வதைவிட மறந்துவிடுவது நன்று. ஆனால் எப்படி மறப்பது? அதற்கு விடை பொறையுடைமைக்குள் இல்லை. ஐந்து அதிகாரங்களுக்கு முன்னால் சென்று தேட வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் அன்புடைமையில் ஒரு குறளைப் பார்த்துவிடலாம். அந்த அதிகாரத்தின் ஆறாவது குறள், அன்பு அறத்துக்கு மட்டுமே துணை என்று கூறுவோரை அறியாதவர் என்கிறது. மறத்துக்கும் அதுவே துணையாம். இங்கே 'மறம்' என்பதற்கு என்ன பொருள்? மு. வரதராசனார் வீரம் என்று கொள்கிறார். போர்க்களத்தில் நிற்பவனுக்கும் பின்னால் ஓர் அன்பு இருக்கிறது என்பது அவர் காட்டும் வழி. பரிமேலழகர் வேறு வழியில் செல்கிறார். ஒருவன் பகைமை செய்ததனால் நம் உள்ளத்தில் எழும் கொடுமையே மறம். அவனை நட்பாகக் கருதி அன்பு செய்தால் அது நீங்கும். ஆகவே மறத்தை நீக்குவதற்கு அன்பு துணை என்பது அவர் உரை. பகைவரிடம் அன்பு என்னும் கருத்தை மலைப்பொழிவில் கேட்டுப் பழகிய நமக்குப் பரிமேலழகரே இனிக்கிறார் என்பது உண்மை. ஆனால் நமக்கு இனிப்பதனாலேயே ஓர் உரை சரியாகிவிடாது. 'துணை' என்ற சொல்லை 'நீக்கும் துணை' என்று கொள்ள அவர் சற்று வளைந்துதான் போகவேண்டியிருக்கிறது, மு.வ. காட்டும் பொருளே சொல்லுக்கு நேரானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1730இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் தொடங்கி, 1886இல் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜி. யு. போப் வரை, கிறித்தவத் துறவியரும் குருக்களும் குறளுக்குச் செய்த பணி பெரிது. ஆனால் மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் கிறித்தவ போதகர்களிடம் கேட்டறிந்திருக்கலாம் என்று போப் ஐயர் ஊகித்தது அப்பணிக்கு அணி சேர்க்கவில்லை. அதற்குச் சான்று இல்லை. அண்டை வீட்டுத் தோட்டத்தில் நல்ல பழம் இருந்தால், விதை நம் வீட்டிலிருந்து போயிருக்கும் என்று சொல்வது நட்புக்கு அழகன்று.

செய்ந்நன்றியறிதல் என்னும் தலைப்பிலேயே கவனிக்கத்தக்க செய்தி இருக்கிறது. பழந்தமிழில் 'நன்றி' என்றால் நன்மை என்றே பொருள். இன்று நாம் கைகூப்பிச் சொல்லும் நன்றி அதன் பிற்கால வளர்ச்சி. செய்த நன்மையை அறிதல் என்பதே தலைப்பு; நன்றி கூறுதல் என்று வள்ளுவர் பெயரிடவில்லை. கூறுவது வாயின் வேலை, அறிவது நினைவின் வேலை. பத்துக் குறள்களும் நினைவைப் பற்றியே பேசுகின்றன என்று சொன்னால் மிகையாகாது. முதலில் உதவியை அளக்கும் முறை வருகிறது: முன்பு நாம் எதுவும் செய்யாதிருக்க ஒருவர் செய்த உதவி, காலத்தில் செய்த உதவி, பயனை எண்ணிப் பாராமல் செய்த உதவி. தினையளவு உதவியைப் பனையளவாகக் காண்பவரே பயன் தெரிந்தவர். துன்பத்தில் துணை நின்றவரை விட்டுவிடாதே. கண்ணீரைத் துடைத்தவரை ஏழு பிறப்பிலும் நினை. இவையெல்லாம் பிறருக்கும் தெரிந்த அறங்களே. எட்டாவது குறளிலிருந்துதான் அதிகாரம் திடீரென்று ஆழம் காண்கிறது.

எட்டாவது குறள் மறதியை இரண்டாகப் பிரிக்கிறது. செய்த நன்மையை மறப்பது நன்றன்று; செய்த தீமையை அன்றே மறப்பது நன்று. நன்றியைப் பற்றிய அதிகாரத்தில் தீமையை மறப்பது ஏன் வந்தது? இரண்டும் ஒரே உள்ளத்தின் ஒரே வேலை என்பதால்தான். நினைவு என்னும் களஞ்சியத்தில் எதை வைப்பது, எதை வெளியே போடுவது என்னும் தேர்வு அது. நம்மில் பெரும்பாலோர் இந்தத் தேர்வைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

ஒன்பதாவது குறள் இன்னும் நெருங்கி வந்து வழியையே காட்டிவிடுகிறது. முன்பு நன்மை செய்த ஒருவர் பின்னால் கொலைக்கு ஒப்பான கொடுமையைச் செய்தாலும், அவர் செய்த ஒரு நன்மையை நினைத்த அளவில் அந்தக் கொடுமை இல்லாமல் போகும். தினையைப் பனையாகக் கொள்ளும் மனத்தில் அந்த ஒரு நன்மையே தீமை அனைத்தையும் கெடுத்துவிடும் என்று நான்காவது குறளை நினைவூட்டிப் பரிமேலழகர் விளக்கும் இடம், அவர் உரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடங்களுள் ஒன்று. 'எப்படி மறப்பது' என்று பொறையுடைமையில் எழுந்த வினாவுக்கு விடை இதுதான். தீமையை மறக்க முயல்வதனால் அது மறைவதில்லை. மறக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அதை நினைவில் ஆழப் பதித்துக்கொள்கிறோம். நன்மையை நினைக்கும்போதுதான் தீமைக்கு இடம் குறைகிறது. வள்ளுவரின் அமைப்பில் மன்னிப்புக்கு வேர் நன்றி. அதனால்தான் நன்றியறிதல் முன்னும் பொறை பின்னுமாக நிற்கின்றன.

இதற்கு ஏட்டுக்கு வெளியேயும் சான்று உண்டு. நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் இரு சகோதரர்கள். தம்பி வளைகுடா நாட்டில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், பொதுவில் இருந்த தென்னந்தோப்பின் பட்டாவை அண்ணன் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனது. பதினொரு ஆண்டுகள் இருவரும் பேசவில்லை. திருப்பலிக்கு வந்தாலும் எதிரெதிர் வாசல் வழியாகவே வருவார்கள். பிறகு அண்ணன் பக்கவாதத்தில் படுத்தார். அவரைத் தூக்கி உட்கார வைக்கவும் குளிப்பாட்டவும் நாள்தோறும் வந்தவர் தம்பிதான். நான் வியந்து கேட்டபோது அவர் சொன்னார்: "சாமி, எனக்கு ஆறு வயசுல பாம்பு கடிச்சுது. அண்ணன் என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கா வரப்புலயே ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. அன்னைக்கு அவரு ஓடலேன்னா, அவரு மேல கேசு போட நான் இருந்திருக்க மாட்டேன்." சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: "ஆனா கேசை வாபஸ் வாங்க மாட்டேன் சாமி. அது என் புள்ளைங்க பங்கு."

அவர் குறள் படித்தவர் அல்லர். ஆனால் அவருடைய இரண்டாவது வாக்கியத்துக்கும் குறளில் இடம் இருக்கிறது. செய்ந்நன்றியறிதலுக்கு அடுத்த அதிகாரம் நடுவுநிலைமை. ஏன் அங்கே வைத்தார் என்பதற்குப் பரிமேலழகர் கூறும் காரணம் கூர்மையானது: நமக்கு நன்மை செய்தவரிடத்தில் அந்த நன்மையை நினைக்கும்போது நம் நடுவுநிலை தளர்ந்துபோகலாம், அங்கும் தளரக்கூடாது என்பதற்காகவே நன்றிக்குப் பின் நடுவுநிலைமையை வைத்தார். நன்றியை இவ்வளவு உயர்த்திய கையோடு அதற்கு ஒரு வேலியும் போட்டுவிட்டார் வள்ளுவர். செஞ்சோற்றுக் கடன் என்னும் பெயரால் கர்ணனையும் கும்பகர்ணனையும் கண்ணீரோடு போற்றுகிற மரபு நம்முடையது. அவர்கள் நின்ற பக்கம் தவறானது என்று தெரிந்தும், நன்றிக்காக நின்றார்களே என்று உருகுகிறோம். வள்ளுவர் உருகியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உப்பிட்டவரை நினைக்கச் சொல்லித் தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்கிறவர்களும், ஊரில் நாலு பேருக்கு உதவியதைச் சொல்லிக்கொண்டே நியாயத்தைத் தம் பக்கம் வளைக்கிறவர்களும் பதினொன்றாம் அதிகாரத்தை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். (கோவில் விளக்குகளில் 'உபயம்' எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எண்ணினேன். குழல்விளக்கில் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கும் வேடிக்கை எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது என்பதால் விட்டுவிடுகிறேன்.)

இப்போது பத்தாவது குறள். இதில்தான் கிறித்தவ வாசகர் திடுக்கிட்டு நிற்பார். வேறு எந்த நன்மையை அழித்தவர்க்கும் தப்பும் வழி உண்டு. செய்த நன்றியைக் கொன்றவனுக்கு மட்டும் அது இல்லை. வேறு அறங்களை அழித்தல் என்பதற்குப் பசுவின் மடியை அறுத்தல், கருவைச் சிதைத்தல், பெரியோரைக் கொல்லுதல் ஆகிய கொடும்பாவங்களைப் பரிமேலழகர் எடுத்துக்காட்டுகிறார். புறநானூற்றின் 34ஆம் பாட்டில், கிள்ளிவளவனைப் பாடிய ஆலத்தூர் கிழாரும் இத்தகைய பாவங்களுக்குக் கழுவாய் உண்டு, நன்றி கொன்றதற்கு இல்லை என்று அறம் பாடியதாகக் கூறுகிறார். அப்படியானால் மன்னிக்கப்படாத பாவம் ஒன்று உண்டா? எந்தப் பாவியும் திரும்பி வரலாம் என்று நற்செய்தி கூறும்போது, இந்தக் கதவை வள்ளுவர் ஏன் சாத்துகிறார்? இதற்கு விடை சொல்லாமல் இரண்டு நூல்களும் ஒன்றையே சொல்கின்றன என்று மறையுரையில் முழங்குவது நேர்மையாகாது.

குறளின் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். எட்டாவது குறளில் நன்மையை மறப்பது 'நன்றன்று' என்ற அளவில் நின்றது. பத்தாவது குறளில் அதைக் கொல்வது பற்றிய பேச்சு. இரண்டு குறள்களுக்குள் மறத்தலிலிருந்து கொல்லுதலுக்குப் போகிறார். மறந்தவன் நினைவுகூரலாம். யோசேப்போடு சிறையில் இருந்த மதுபரிமாறுவோர் தலைவன் அவரை மறந்துபோனான். ஈராண்டுகள் கழித்துப் பார்வோன் கனவு கண்டபோது நினைவுகூர்ந்தான். யோசேப்பு விடுதலை பெற்றார். கொல்வது அப்படிப்பட்டதன்று. பெற்ற நன்மை தன் கையில் உயிரோடு இருக்கும்போதே, தெரிந்தே அதன் கழுத்தை நெரிப்பது.

அத்தகைய ஒருவனை மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் நம் கண்முன் நிறுத்துகிறது. பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாள். ஒரு தாலந்து ஏறத்தாழ 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஆக, அவன் கடன் 6 கோடி நாள் கூலி. எந்த மனிதனும் அடைக்க முடியாத தொகை. அரசர் மனமிரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன் பணியாளைக் கண்டு கழுத்தைப் பிடிக்கிறான். இந்த 100 தெனாரியத்தை அற்பத் தொகை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது மூன்று மாதக் கூலிக்கு மேல். ஏழைக்கு அது பெரும்பணம். பிறர் நமக்குச் செய்த தீமை ஒன்றுமேயில்லை என்று இயேசு சொல்லவில்லை. அது உண்மையான கடன்தான். 'பொறுத்துக்கொள்' என்று முதல் பணியாள் அரசரிடம் கெஞ்சிய அதே சொற்களில்தான் இரண்டாமவன் அவனிடம் கெஞ்சுகிறான். அந்தச் சொற்கள் அவன் காதில் விழுந்தும் தான் பெற்ற நன்மையை அவனுக்கு நினைவூட்டவில்லை. முடிவில், தள்ளுபடி செய்யப்பட்ட கடன் மீண்டும் அவன் தலையில் ஏறுகிறது.

இந்தக் கதையை மன்னிக்காதவனின் கதை என்றே தலைப்பிட்டு வருகிறோம். குறளின் பத்தாவது குறளோடு படித்தால் அது நன்றி கொன்றவனின் கதை என்று தெரியும். அரசர் கதவைச் சாத்தவில்லை. கதவு முதலிலேயே முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. மன்னிப்புக்குப் போகும் வழி நன்றியின் வழியாகச் செல்வதால், நன்றியைக் கொன்றவன் வழியையே அழித்துவிட்டான். வள்ளுவர் 'உய்வு இல்லை' என்பதை ஒரு தண்டனைத் தீர்ப்பாகப் படிக்க வேண்டியதில்லை. பாலத்தை உடைத்தவனுக்கு அக்கரை இல்லை என்பது போன்ற ஒரு செய்தி அது. ஆயினும், அழிந்த அந்த நன்றியையும் இறைவன் மீண்டும் உயிர்ப்பிக்க முடியும் என்று கிறித்தவன் நம்புகிறான். அதை வள்ளுவர் சொல்லவில்லை. அவர் சொன்னதாக நாம் ஏற்றிச் சொல்லவும் கூடாது.

இன்னொரு வேற்றுமையும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்பதாவது குறளின் வழி, தீமை செய்த அதே மனிதர் எப்போதோ நமக்கு நன்மையும் செய்திருக்கிறார் என்னும் அடிப்படையில் அமைந்தது. தென்னந்தோப்பு அண்ணனுக்கு அந்த வாய்க்கால் வரப்பு இருந்தது. அப்படி ஒன்று இல்லாதபோது? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். திருமணமான மாதத்திலிருந்து கணவனிடம் அடிபட்டவர். உறவினர்கள் அவரிடம் 'அவன் போட்ட சோற்றை மறக்காதே' என்றும், 'பொறுத்துப் போ, பூமிபோல இரு' என்றும் குறளின் சொற்களிலேயே அறிவுரை கூறி அனுப்பியிருந்தார்கள். அவர் என்னைக் கேட்டது இதுதான்: "நெனைச்சுப் பாக்கச் சொல்றாங்க சாமி. நெனைக்கறதுக்கு நல்லது ஒண்ணாவது இருக்கணுமில்ல?"

இந்த வினாவின் முன் ஒன்பதாவது குறளுக்குப் பேச்சில்லை. குறளின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். அந்தக் குறள் வேறொரு நிலைமையைப் பற்றிப் பேசுகிறது. இப்படிப்பட்ட நிலைக்குப் பொறையுடைமையின் ஏழாவது குறள் ஓரளவு அருகில் வருகிறது: தகாதன செய்தவர் அதனால் அடையப்போகும் துன்பத்துக்காக நொந்து, நாமும் அறமல்லாதன செய்யாதிருத்தல். உவமையின் வழியோ வேறு. இரண்டாம் பணியாள் முதலாமவனுக்கு எந்த நன்மையும் செய்தவன் அல்லன், கடன்காரன், அவ்வளவுதான். அவனை மன்னிக்க வேண்டிய காரணம் அவனிடம் இல்லை, அரசரிடம் இருக்கிறது. நன்மை ஓரிடத்திலிருந்து வந்தது; நன்றி வேறோரிடத்துக்குப் போகவேண்டும். தனக்குத் தீமை மட்டுமே செய்த மனிதனிடமும் என்றாவது ஒருநாள் பகை இல்லாதிருக்க ஒருவருக்கு வலிமை கிடைக்குமானால், அது தாயிடமிருந்தோ, ஆசிரியையிடமிருந்தோ, இறைவனிடமிருந்தோ பெற்ற வேறொரு நன்மையின் நினைவிலிருந்துதான் வரமுடியும். அந்த 'என்றாவது ஒருநாள்' அந்தப் பெண்ணுக்கே உரியது. தேதி குறிக்க உறவினருக்கோ பங்குத்தந்தைக்கோ உரிமையில்லை என்று அவரிடம் சொன்னேன். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று நற்செய்தியில் எங்கும் எழுதப்படவில்லை என்பதையும் சொன்னேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது இயற்றப்படவில்லை. இன்று வருகிறவர்களிடம் அதையும் சேர்த்தே சொல்கிறேன். நன்றியைத் தொடர்ந்து நடுவுநிலைமை வருகிறது என்பதை அந்த உறவினர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

யோசேப்பும் சகோதரர்களை உடனே அணைத்துக்கொள்ளவில்லை என்பதை நாம் கதையைச் சுருக்கிச் சொல்லும்போது விட்டுவிடுகிறோம். தம் தலைமகனுக்கு 'மறக்கச் செய்தல்' என்னும் பொருள்பட மனாசே என்று பெயரிட்டவர் அவர்; ஆனால் சகோதரர்கள் தானியம் வாங்க வந்து நின்றபோது எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர்களைச் சோதித்தார். சிமியோனைப் பிடித்து வைத்தார். பென்யமினைக் கொண்டுவரச் செய்தார். தம்பிக்குப் பதிலாகத் தானே அடிமையாகிறேன் என்று யூதா முன்வந்தபோதுதான் அவர் அடக்க முடியாமல் அழுது தம்மை வெளிப்படுத்தினார். முன்பு தம்பியை விற்கச் சொன்னவன் அந்த யூதாவே. மனம் மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அவர் கதவைத் திறந்தார். பொறையும் நடுவுநிலையும் ஒருவரிடமே எப்படி இருக்கமுடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த கதை எனக்குத் தெரியவில்லை.

மத்தேயுவின் உவமையில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் இரண்டு செய்திகள் உண்டு. 100 தெனாரியத்துக்காகச் சிறையில் தள்ளப்பட்ட அந்த இரண்டாம் பணியாள் பிறகு விடுவிக்கப்பட்டானா என்று கதை சொல்லவில்லை. நடந்ததைக் கண்டு மிகவும் வருந்திய உடன் பணியாளர்கள் சிறைக்குப் போய் அவனிடம் பொறுமையாக இரு என்று சொன்னதாகவும் அங்கே இல்லை. அவர்கள் நேரே அரசரிடம் போனார்கள். நடந்தவை அனைத்தையும் விளக்கிக் கூறினார்கள்.